தேயிலைப் பெட்டியில் திருகோணமலைக்கு

மாத்தளை, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணி.

எங்கள் ஊரின் பெரிய தெருவுக்குத் திருகோணமலை வீதி என்று பெயர். அதில் பதினெட்டு வருஷமாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். கடைப் பலகையில், ரசீதில், என் கல்யாணப் பத்திரிகையில்கூடத் திருகோணமலை என்று எழுதியாகிவிட்டது. ஊரைத்தான் இன்னும் பார்க்கவில்லை. வீதியின் வடக்கு முனையில் தொடங்கி ஏறக்குறைய தொண்ணூற்றைந்து மைல் போனால் கடலில் கால் நனைக்கலாம் என்பார்கள். 1957 ஜூலையில் அதற்காகத்தான் ஒரு லொறி பிடித்தோம். வாடகை நாற்பது ரூபாய், பெற்றோல் நம்முடையது.

லொறியின் மேல் ஒரு படகு கவிழ்த்துக் கட்டியிருந்தது. பன்னிரண்டு அடி நீளம், தட்டையான அடிப்பாகம், பச்சைப் பெயின்ட். மாத்தளையில் ஒரு படகைப் பார்ப்பது யானைக்குச் சப்பாத்து போட்டுப் பார்ப்பது மாதிரி. அந்நேரத்திலேயே நாலு பேர் வந்து தட்டிப் பார்த்துவிட்டார்கள்.

அதைக் கட்டியவன் உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை பார்க்கும் ராமையா. யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் கூலிக்கு இருந்தவன். அங்கே ஒரு வெள்ளைக்கார மாலுமி ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்ப் படகு ஓட்டுவானாம். படகைக் கழுவிக் கொடுத்ததற்குக் கூலியாக இவனுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தானாம். அன்று பிடித்த பைத்தியம் மலைக்கு வந்தும் விடவில்லை. திருகோணமலையிலிருந்து மூதூர், அங்கிருந்து கரையோரமாகவே வாகரை, கல்குடா. இரவில் மணலில் படுக்கை, பகலில் கடல். இதுதான் திட்டம். பாய் தைக்க ஆள் வேண்டுமென்று ஒரு நாள் என் கடைக்கு வந்தான். காடாத் துணியில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, "நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

படகுக்கு மரம் வாங்க இரண்டு பேருக்கும் வசதியில்லை. பெக்டரியில் கழிக்கும் தேயிலைப் பெட்டிப் பலகைகள் மலை மாதிரிக் கிடந்தன. மெல்லிய தகடுகளைப் பசை போட்டு ஒட்டிய பலகை. இரண்டு வருஷமாக, பலாமரச் சட்டத்தின் மேல் அவற்றை இரண்டு அடுக்காக அடித்து, இடுக்கில் தார் ஊற்றினான். பெயின்ட்டுக்கு அடியில் தோட்டத்தின் முத்திரையும் 'லண்டன்' என்ற எழுத்தும் இன்னும் மங்கலாகத் தெரியும். பெட்டிப் பலகை கடலுக்குத் தாங்குமா என்று நான் கேட்டபோது ராமையா என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மாஸ்டர், இந்தப் பெட்டி கொழும்பிலேருந்து லண்டன் வரைக்கும் கடல் மேலேயே போகுது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போச்சுன்னு எந்தத் தொரையும் இதுவரைக்கும் சொன்னதில்ல. லண்டனுக்குப் போற பலகை மூதூருக்குப் போகாதா?"

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. உக்குவளைக்குக் கீழே சுது கங்கையில் அரை மணி நேரம் மிதக்கவிட்டும் பார்த்தோம். சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

புறப்படுவதற்குச் சில வாரம் முன்தான் அந்தப் புதுக் காய்ச்சல் வந்து சேர்ந்தது. கப்பலில் வந்ததாகப் பேச்சு; கொழும்பில் இறங்கி, ரயிலேறி எங்கள் மலைக்கும் வந்துவிட்டது. ஒரு வீட்டில் ஒருவர் தும்மினால் மறுநாள் வீடு முழுக்கப் பாயில். பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்ததால் தைத்து வைத்த வெள்ளைச் சட்டைகளை வாங்கிப் போக ஆள் வரவில்லை. கடைத்தெருவில் கொத்தமல்லி தீர்ந்துபோனது. முத்துமாரியம்மன் கோயில் வாசலில் வேப்பிலை மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

"இந்த நேரத்துல கடலுக்கா?" என்றாள் என் மனைவி.

அவள் கேட்டது நியாயம். ஆனால் கிழக்குக் கடல் நமக்காகக் காத்திருக்காது. சித்திரையிலிருந்து புரட்டாசி வரைதான் அது சாது. ஐப்பசி மழை தொடங்கினால் சின்னப் படகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. கொழுந்து பறிக்க ஆளில்லாமல் தோட்டத்தில் பெக்டரியை மூடியதால்தான் ராமையாவுக்கு இரண்டு வாரம் லீவு கிடைத்தது. காய்ச்சல் போனால் லீவும் போய்விடும். அடுத்த வருஷம் எந்தத் துரை விடுவான்?

"போயிட்டு வாங்க. ஆனா யாரு தும்மினாலும் மூஞ்சியத் திருப்பிக்கங்க" என்று சொல்லி, ஒரு பொட்டலம் கொத்தமல்லியைக் கையில் திணித்தாள். ஊரில் கடைசிப் பொட்டலம் அதுவாகத்தான் இருக்கும்.

காலை எட்டு மணி, நாலந்தை தாண்டி.

லொறி ஓட்டியவர் காலிதீன் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயது, வெற்றிலை வாய், நிறையப் பேச்சு. கலேவெலைக்கு அப்பால் தேவஹூவக் குளத்துப் பக்கம் அவருக்கு வீடு. மிளகு, கொக்கோ, பாக்கு எல்லாம் ஏற்றியிருக்கிறார். படகு ஏற்றுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஹோர்ன் அடித்தார். நாவுலைக்கு வரும்போது ஹோர்ன் குறைந்தது. பேச்சும் குறைந்தது. வெயில் ஏறியிருந்தும் துவாயை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். நான் என் மனைவி சொன்னபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். லொறியின் முன்சீட்டில் மூன்று பேர் இடித்துக்கொண்டு இருக்கும்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

தம்புள்ளை, பத்து மணி. மாத்தளையிலிருந்து இருபத்தெட்டு மைல்.

சந்தியில் தேத்தண்ணிக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. தேத்தண்ணி பத்துச் சதம். காலிதீன் நானா இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தார். திருகோணமலையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் படகைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க கொண்டு போறீங்க இத?"

"திருகோணமலைக்குத்தான்."

"போய்? அங்க கரையில வள்ளமெல்லாம் இழுத்துப் போட்டுக் கிடக்கு. தள்ளுறதுக்கு ஒரு ஆள் நிக்கல்ல. எல்லாரும் படுக்கை. என்னோட சேத்து பஸ்ல மூணே மூணு பேர்தான் வாறோம், பாருங்க."

அங்கே எங்களுக்கு இடம் கொடுப்பதாகச் சொன்ன ராமையாவின் பழைய கூட்டாளி வீடும் அந்தக் கரையில்தான். எழும்ப முடியாதவர்களின் வாசலில் போய், "படகைத் தள்ளிவிடுங்கள்" என்றா நிற்பது? ராமையாவின் முகம் வெளுத்தது; தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தான். எனக்குக் கோபம் வந்தது. யாரைக் கோபிப்பது என்று தெரியாததால் தேத்தண்ணியில் சீனி போதவில்லை என்று கடைக்காரரிடம் சத்தம் போட்டேன்.

லொறிக்குத் திரும்பினால் காலிதீன் நானாவின் உடம்பு கொதித்தது. கண் சிவந்திருந்தது.

"மாஸ்டர், இனி என்னால ஏலாது. என்னய ஊட்டுல கொண்டு போய் உடுங்க. ஸுபைதாவும் ரெண்டு நாளா இருமிக்கிட்டுக் கிடந்தா. வரவேணாம்னுதான் சொன்னா. நான்தான் ஹயர் காசு போகுமேன்னு வந்தேன்."

ஸுபைதா அவருடைய மனைவி. நாங்கள் ஏற்றி வந்தது படகை மட்டுமில்லை, ஒரு நோயாளி மனைவியை விட்டு வந்த மனுஷனையும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. தோட்டத்து லொறியை ஓட்டிப் பழகிய ராமையா டிரைவர் சீட்டில் ஏறினான். வடகிழக்கே போக வேண்டிய லொறி மேற்கே திரும்பியது. கடலுக்கு இன்னும் அறுபத்தேழு மைல் என்ற மைல்கல் எங்களுக்குப் பின்னால் போனது.

தேவஹூவக் குளக்கட்டு, பகல் ஒரு மணி.

மலைக்காரர்களுக்குக் குளம் என்றால் கால் கழுவுகிற இடம். இது அப்படியில்லை. கட்டின் மேல் ஏறி நின்றதும் அக்கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. ஆடி மாதத்துத் தென்மேற்குக் கச்சான் காற்று தண்ணீரைச் சின்னச் சின்ன மடிப்பாக அடித்து அந்தக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. காலிதீன் நானாவின் வீடு அந்தக் கோட்டில் இருக்கிறது. லொறி கட்டு வரைக்கும்தான் போகும். பிறகு காட்டுக்குள் ஆறு மைல் ஒற்றையடிப் பாதை. மாலையானால் யானை வரும். இல்லாவிட்டால் குறுக்கே ஒன்றரை மைல் தண்ணீர். இரண்டு கட்டையைச் சேர்த்துக் கட்டிய மீன்பிடித் தெப்பங்கள் கரையில் கிடந்தன. ஒரு ஆள் நின்றால் மறு ஆளுக்கு இடமில்லை.

ராமையா குளத்தைப் பார்த்தான். பிறகு லொறியைப் பார்த்தான். அவன் முகத்தில் தம்புள்ளையில் போன ரத்தம் திரும்பி வந்தது.

"மாஸ்டர், கயித்த அவுருங்க."

இப்படியாக எங்கள் படகு முதன்முதலாகப் பாய் விரித்தது, கடலிலிருந்து இத்தனை மைல் உள்ளே, நோயாளி ஒருவரைப் போர்வையோடு நடுவில் படுக்கவைத்து. கயிறு இறுகியதும் படகு ஒரு பக்கம் சரிந்து, முன்னால் தண்ணீர் சளசளவென்று பேசத் தொடங்கியது. என் இரட்டைத் தையல் ஒரு நூல் விலகாமல் காற்றைப் பிடித்து நின்றது. பயத்தில் பலகையைப் பிடித்திருந்த எனக்கு எப்போது சிரிப்பு வந்ததென்று தெரியவில்லை. பதினெட்டு வருஷம் குனிந்து தைத்தவன் நிமிர்ந்து பார்த்தால் இவ்வளவு வானமா! நான் வாய்விட்டுச் சிரித்தேன். போர்வைக்குள்ளிருந்து காலிதீன் நானா, "அல்லாவே, டெய்லருக்குக் காய்ச்சல் தலைக்கேறிட்டு" என்றார்.

அக்கரையில் சிரிப்பு நின்றது. ஓலை வேய்ந்த சில வீடுகள். ஒரு அடுப்பிலும் புகையில்லை. கதவைத் திறந்தால் பாயில் ஆட்கள்; தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட எழுந்து நிற்க ஒருவரில்லை. ஸுபைதா சுவரில் சாய்ந்தபடி மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சும் அறை முழுக்கக் கேட்டது. கணவரைக் கண்டதும் பேச வாயெடுத்து, இருமல் வந்து விட்டுவிட்டார். நான் அடுப்பு மூட்டினேன். மனைவி கொடுத்த கொத்தமல்லிப் பொட்டலம் முழுதையும் ஒரே பானையில் போட்டுக் கொதிக்கவைத்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ராமையா படகில் திரும்பிப் போனான். குளக்கட்டுப் பக்கம் அரசாங்க டிஸ்பென்சரி ஒன்று இருப்பதாகக் காலிதீன் நானா சொல்லியிருந்தார்.

மாலை நாலரை மணி.

ராமையா கூட்டிவந்த அப்போதிக்கரி, அதாவது டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர், ஐம்பது வயதுச் சிங்களவர். முன்பு மன்னாரில் வேலை பார்த்தவராதலால் தமிழ் நன்றாக வந்தது. அவரே காய்ச்சலிலிருந்து எழுந்து இரண்டு நாள்தான். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தார். ஒரு கையில் மருந்துப் பெட்டி, மறு கையில் குடை. ஸுபைதாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். ஊசி போட்டார். வெளியே வந்து எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நெஞ்சில சளி கட்டியிருக்கு. பென்சிலின் போட்டா நல்லாகும். ஆனா ஒண்ணு போட்டுப் போதாது. காலையும் மாலையும் போடணும், விடாம. அங்க டிஸ்பென்சரி வாட்டுல இடமில்ல, விறாந்தையில ஆள் கிடக்கு. இந்த அம்மாவ அசைக்கவும் கூடாது. ஆறு மைல் நடந்து வர என் கால்ல பெலன் இல்ல. உங்க போட் இருந்தா நான் வரலாம். இல்லாட்டி..."

குடையை விரித்துக்கொண்டு படகில் போய் உட்கார்ந்தார்.

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, படகைக் கரையேற்றிக் கவிழ்த்தபோதுதான் அதைக் கண்டோம். அடிப்பலகையில் ஓரிடத்தில் பெயின்ட் கொப்புளம் போல உப்பியிருந்தது. ராமையா விரலால் அழுத்தினான். பலகையின் மேல் தோல், வெந்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி உரிந்து அவன் விரலோடு வந்தது. உள்ளே பசை கஞ்சியாகக் கரைந்திருந்தது. அவன் அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"மாஸ்டர், பெட்டி கடல் மேல போகல."

"பிறகு?"

"கப்பலுக்குள்ளதான் போச்சு."

இரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் தோன்றாத விஷயம். தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தேயிலைப் பெட்டியைவிட நம்பிக்கையான பொருள் உலகத்தில் கிடையாது. எனக்கோ அவனைவிட நம்பிக்கையான ஆள் கிடையாது. மூதூருக்கும் வாகரைக்கும் நடுவில் இந்தக் கொப்புளம் வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எங்களை வழியில் நிறுத்திய காய்ச்சலுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அதே காய்ச்சலில் ஸுபைதா மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்து அந்தக் கும்பிடைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ராமையாவிடம் கேட்டேன். "இனி ஒண்ணும் செய்ய முடியாதா?"

"இப்பவே வெயில்ல காயவச்சா காப்பாத்தலாம். பெக்டரிக்குக் கொண்டு போயி, வேற பசை போட்டு, இறுக்கி வச்சு, மேல தகரம் அடிச்சா புரட்டாசிக்குள்ள கடலுக்கு எடுக்கலாம். இன்னும் ரெண்டு நாள் தண்ணியில கிடந்துச்சுன்னா இது வெறும் குப்பை."

புதன்கிழமை, காலை ஆறரை மணி.

அப்போதிக்கரி தன் குடையோடு குளக்கட்டில் நின்றார். நாங்கள் லொறியிலேயே படுத்து எழுந்திருந்தோம். படகு கவிழ்ந்தபடி வெயிலுக்காகக் காத்திருந்தது. நான் ராமையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு மனுஷன் சுமந்த ஆசை அது. அதை விடு என்று சொல்ல நான் யார்? தெப்பத்தில் போய்ப் பார்க்கலாமே என்று அப்போதிக்கரியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் தெப்பத்தைப் பார்த்தார், மருந்துப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ராமையா தார் டின்னைத் திறந்தான். உரிந்த இடத்தில் ஒரு துணியை ஒட்டி மேலே தாரைத் தடவினான். பிறகு படகின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் புடிங்க மாஸ்டர். அந்தம்மா மூச்சு இழுத்ததக் கேட்டீங்கள்ல?"

"படகு?"

"படகு போகத்தானே கட்டுனேன்."

இரண்டு பேருமாகத் தூக்கித் தண்ணீரில் வைத்தோம். அவன் திரும்பிப் பாராமல் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்தான். அந்த நேரத்தில் எனக்கு அவன்மேல் வந்த மரியாதையைச் சொல்ல வெட்கப்படவில்லை. என் கண் கலங்கியது. காற்று கண்ணில் அடித்தது என்று அப்போதிக்கரியிடம் சொன்னேன். காலையில் காற்று வீசத் தொடங்கவில்லை என்பதை அவர் சுட்டிக்காட்டவில்லை.

அன்று காலையும் மாலையும், மறுநாள் காலையும் மாலையும் போனோம். காற்று எழும்பிவிட்டால் போகும்போது பாய். திரும்பும்போது காற்று எதிரே, துடுப்புதான். என் உள்ளங்கை இரண்டும் பிய்ந்தன. ஊசி குத்திய விரல் எனக்குப் பழக்கம். துடுப்பு வேறு ரகம். மத்தியானங்களில் நான் அக்கரையிலேயே தங்கிக் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொடுத்தேன். காலிதீன் நானா மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, என் கஞ்சியில் உப்பில்லை என்றார். காய்ச்சல் விட்டதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி தேவையில்லை. ஸுபைதா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு இன்னும் கேட்டது.

படகு ஒவ்வொரு தடவையும் ஒரு தோல் உரிந்தது. 'லண்டன்' என்ற எழுத்து ஒரு நாள் தண்ணீரோடு போய்விட்டது. ராமையா தாரைப் பூசிக்கொண்டே இருந்தான். டின் காலியானதும், நூலுக்குத் தேய்க்க நான் வைத்திருக்கும் மெழுகுத் துண்டை வாங்கித் தேய்த்தான்.

வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

கஞ்சிக்கு அரிசி வாங்க நான் அன்று காலையிலேயே குளக்கட்டுக்குத் திரும்பியிருந்தேன். மாலையில் காற்று பலமாக இருந்தது. குளத்தின் நடுவைத் தாண்டியபோது என் காலுக்கடியில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். துணி கிழியும் சத்தத்தை எந்தத் தூக்கத்திலும் அறிவேன். இது அதேதான், ஆனால் பலகை. அடித்தட்டில் ஒரு முழ நீளத்துக்கு வாய் திறந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. நான் சாரத்தை அவிழ்த்துச் சுருட்டி அதன்மேல் வைத்து, அதன்மேல் நானே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே காற்சட்டை இருந்தது. என் தையல்தான், பயப்பட ஒன்றுமில்லை.

ராமையா கத்தினான். "எறைங்க! ஐயா, நீங்களும் எறைங்க!"

அப்போதிக்கரி மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். மறு கையால் குடையைக் கவிழ்த்து அதனால் தண்ணீரை அள்ளி வீசத் தொடங்கினார். அரசாங்கக் குடை அவ்வளவு வேலை செய்து நான் பார்த்ததில்லை. ராமையா பாயை இறக்கவில்லை. எல்லோரும் பாயை இறக்கியிருப்பார்கள். அவன் கயிற்றை இன்னும் இறுக்கினான். கிழிந்த படகு நிமிர்ந்துகொண்டு ஓடியது. தண்ணீர் என் இடுப்பு வரை வந்தது. எனக்கு நீந்தத் தெரியாது என்பதை இப்போது சொல்லலாமா, கரைக்குப் போய்ச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது படகின் மூக்கு தாமரைக் கொடிக்குள் புகுந்து, சேற்றில் இடித்து நின்றது. மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். பின்னால் படகு மெதுவாக விரிந்தது. பக்கப் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, பழையபடி பெட்டிப் பலகைகளாகித் தாமரை இலைகளுக்கு நடுவில் மிதந்தன.

"ஊசி நனையல்ல" என்றார் அப்போதிக்கரி. அதற்கு மேல் யாரும் படகைப் பற்றிப் பேசவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தோம்.

வாசலில் நான் நின்றுவிட்டேன். உள்ளே சத்தமில்லை. நான்கு நாளாக அந்த வீட்டுக்கு வெளியிலேயே கேட்ட மூச்சுச் சத்தம் இப்போது இல்லை. ராமையா என் தோளைப் பிடித்தான். அப்போதிக்கரி செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.

ஸுபைதா எழுந்து உட்கார்ந்திருந்தார். முக்காட்டை இழுத்துச் சரிசெய்து, சொட்டச் சொட்ட நின்ற எங்களை மேலும் கீழும் பார்த்தார். மூச்சு வந்து போவதே தெரியாமல் வந்து போனது.

"இது யாரு, இப்புடி நனைஞ்சி வந்து நிக்கிற?"

"நாலு நாளா ஒனக்கு மருந்து கொண்டு வந்த ஆளுக" என்றார் காலிதீன் நானா. சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அப்போதிக்கரி ஊசி போட்டு முடித்துக் கையைத் துடைத்தார். இனி மாத்திரை போதும், வேண்டுமானால் எழும்பின ஆட்கள் யாராவது நடந்து வந்து வாங்கிப் போகலாம் என்றார். ராமையா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். புறப்பட்ட நாளிலிருந்து அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. புறப்பாடு.

சனிக்கிழமை பகலில் அப்போதிக்கரியைக் கைத்தாங்கலாக, இளைப்பாறி இளைப்பாறி, காட்டுப் பாதையால் கட்டுக்குக் கூட்டிவந்திருந்தோம். பாய்மரம், பாய், சுக்கான், துடுப்பு இவ்வளவும்தான் லொறியில் ஏறின. பலகைகளை அந்த ஊர்ப் பெண்கள் பொறுக்கி அடுப்பெரித்தார்கள். நன்றாக எரிகிறதாம், கொஞ்சம் தேயிலை வாசம் அடிக்கிறதாம். குளக்கட்டில் அப்போதிக்கரி குடையை ஆட்டினார். இரண்டு கம்பி உடைந்து அது ஒரு பக்கம் தொங்கியது. காலிதீன் நானாவே லொறியை ஓட்டினார். தம்புள்ளைச் சந்தியில் ஒரு கணம் வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் போகும் திருகோணமலைப் பாதையையும் ராமையாவையும் பார்த்தார். ராமையா தலையை ஆட்டினான். வலப்பக்கம் திரும்பினோம்.

மாத்தளையில் காய்ச்சல் தணிந்து கடைகள் மறுபடி திறக்கத் தொடங்கியிருந்தன. எங்கள் தெரு எப்போதும் போல நேராகவும் தூசியாகவும் இருந்தது. அதில் நடக்கும்போது மட்டும் என் கால் பழையபடி இல்லை. தரை இலேசாக ஆடியது. ஒரு குளத்துக்கே இப்படியென்றால் கடல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். பயமாக இல்லை, ஆசையாக இருந்தது. ஆனால் ராமையா அதன்பிறகு கடலைப் பற்றிப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வருவான், ஒரு மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைத் தடவிப் பார்ப்பான், போய்விடுவான். இரண்டு வருஷ உழைப்பைத் தண்ணீரில் கரைத்தவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது? நல்லதுதான் செய்தாய் என்று ஒரு தடவை சொன்னேன். தெரியும் என்றான். தெரிவதால் வலி குறையவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, மழை மேகம் கட்டத் தொடங்கியிருந்த நேரம், கடை வாசலில் விடாமல் ஹோர்ன் சத்தம். நானும் ராமையாவும் வெளியே வந்தோம். காலிதீன் நானா லொறியிலிருந்து குதித்தார். பின்னால் புதிதாக அறுத்த பலகைகள் அடுக்கியிருந்தன, கனமாக, சிவந்த நிறத்தில். படகுக்காரர்கள் தேடி அலையும் ஹல்மில்ல மரம்.

"எங்க ஊராக்கள் எல்லாரும் சேந்து குடுத்தது. மரம் வெட்டுற பெர்மிட் எல்லாம் அப்போதிக்கரி மாத்தயா போய் நிண்டு எடுத்துத் தந்தார். ஸுபைதா ஒண்ணு சொல்லிவிட்டா."

"என்ன?" என்றான் ராமையா.

"இனி பெட்டில போக வேணாமாம். படகுல போகட்டாம்."

ராமையா பலகையின்மேல் உள்ளங்கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு முகத்தைக் குனிந்து அதை மோந்து பார்த்தான். மழை ஒரு துளி, இரண்டு துளி விழுந்தது. சித்திரை வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. ஒரு படகு கட்ட அது போதும்.

நான் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து, நீளமான பலகையின் ஒரு முனையில் அவனைப் பிடிக்கச் சொன்னேன். பதினாலு அடி இருந்தது.